வீட்டில் பார்த்த இஞ்சின் வேலைக்குப் பிறகு மீட்டர் முள் தவறாகக் காட்டினால்

காரின் கிளட்சையோ ரேடியேட்டரையோ வீட்டிலேயே மாற்றி முடித்து வண்டியைக் கிளப்பியபின், ஹெட்லைட்டைப் போட்டதும் வெப்ப முள் இடம் மாறுகிறது, இண்டிகேட்டர் சிமிட்டும்போதெல்லாம் பெட்ரோல் முள்ளும் உடன் ஆடுகிறது, பேட்டரி விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது என்றால், உடனே புதிய மீட்டரும் சென்சாரும் வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முந்தைய நாள் வரை ஒழுங்காக வேலை செய்தவை இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் கெடுவது அரிது. ஸ்பேனர் பட்ட இடத்தில் ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்ற ஐயத்துடன் தொடங்குவதே முறை.

முதலில் சாவியை அணைத்துவிட்டு, கழற்றிய வரிசையை நினைவுகூர்ந்து ஒவ்வொரு கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பூட்டு இணைப்பு) தொட்டுப் பார்க்க வேண்டும். பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா, உள்ளே பின் எதுவும் வளைந்திருக்கிறதா, திரும்ப மாட்டிய பிராக்கெட்டின் அடியில் வயர் நசுங்கியிருக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். எரிந்துபோன சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸின் இடத்தில் மஞ்சள் 20 ஆம்பியரைச் செருகினால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும். பெரும்பாலான கார்களில் மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் மல்டிமீட்டர் முனையையோ சோதனை விளக்கையோ வைக்கவே கூடாது.

இவை சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது எர்த், அதாவது மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. இஞ்சின் ரப்பர் மவுண்ட்களின் மேல் அமர்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு நேரடியான மின்தொடர்பு கிடையாது. அந்தத் தொடர்பைக் கொடுப்பது இஞ்சினிலிருந்தோ கியர்பாக்ஸிலிருந்தோ பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் தடித்த எர்த் கேபிள்தான். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது அதைத் திரும்ப மாட்ட மறப்பதும், பெயின்ட் அடித்த பரப்பின் மேல் வைத்து முறுக்குவதும் மிகச் சாதாரணமாக நடப்பவை. அப்படி விட்டுப்போனால் செல்ஃப் மோட்டாரின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்ப முயலும். செல்ஃப் அடித்தபின் அந்தக் கேபிள்கள் சூடாக இருந்தால் வேறு சான்று தேவையில்லை; எர்த்தைச் சரிசெய்யும் வரை மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது.

எர்த்தை ஓம் (மின்தடை) அளவில் சோதிப்பதில் ஓர் ஏமாற்று உண்டு. கேபிளில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் என்றே காட்டும், ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் செல்ஃப் மோட்டாரை அந்த இழை தாங்காது. ஆகவே மின்சுமை இருக்கும்போது வோல்ட்டில்தான் அளக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி எரிபொருள் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை இஞ்சினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தூணிலும் (கிளாம்பில் அல்ல) வைத்துக்கொண்டு, உடனிருப்பவரைச் சில விநாடிகள் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். சுமார் 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. பிறகு ஹெட்லைட்டையும் ஹீட்டர் விசிறியையும் போட்டு, பாடிக்கும் நெகட்டிவ் தூணுக்கும் இடையே அளந்தால் 0.1 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் எர்த் கேபிளின் முனையைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக முறுக்கிய பின் மேலே வாஸலின் தடவலாம்.

எர்த் சரியாக இருந்தும் வெப்ப முள் பொய் சொன்னால் சென்சாரைப் பார்க்கலாம். ஒற்றை வயர் சென்சார் தன் மரை வழியாகவே எர்த்தைப் பெறுகிறது. கசிவுக்குப் பயந்து அதன் மேல் டெஃப்லான் டேப்பைக் கனமாகச் சுற்றினால் அந்தத் தொடர்பு கெடலாம். நவீன கார்களில் சென்சார் கணினிக்குச் சொல்ல, கணினி மீட்டருக்குச் சொல்வதால், அந்தக் கணினியில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். குளிர்ந்த இஞ்சினில் ஸ்கேனர் வெளிவெப்பத்தை ஒட்டிய எண்ணைக் காட்ட வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சென்சாரின் வயரோ கப்ளரோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ஸ்கேனர் 90 டிகிரி என்று சொல்லியும் முள் அசையவில்லை என்றால், கோளாறு மீட்டரின் பக்கம். பழைய கார்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாக மேலேறி நின்றால், மீட்டருக்குப் பின்னால் வோல்ட்டைச் சீராக வைக்கும் ஸ்டெபிலைசரின் எர்த்தைப் பார்க்க வேண்டும். கூலண்ட் மாற்றிய பிறகு முள் ஏறி இறங்கினாலோ, அது மின்கோளாறாகவே இல்லாமல், உள்ளே காற்று அடைத்ததாக இருக்கக்கூடும். இஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்.

சார்ஜைப் பொறுத்தவரை, ஓய்வில் 12.6 வோல்ட்டும் இஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டும் வழக்கம். ஓடும்போதும் 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரின் கப்ளரையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பல பழைய கார்களில், சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய பேட்டரி விளக்கின் பல்பு போய்விட்டால் ஆல்டர்நேட்டரே விழிக்காது.

எல்லாம் சரியாகியும் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டபின், நெகட்டிவ் கேபிளுக்கும் தூணுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்துப் பார்க்கலாம். அப்போது செல்ஃப் அடித்தால் மல்டிமீட்டரின் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, எதை எடுத்ததும் எண் சட்டென்று இறங்குகிறதோ அந்தச் சுற்றில் தேட வேண்டும்.