மழை ஓய்ந்ததும் ஏரிக்குத் தூண்டிலோடு கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் அடித்த மழை ஓய்ந்து, ஐந்தாம் நாள் காலையில் லேசாக வெயில் தலைகாட்டியதுமே தூண்டில் பிடிக்கிற எல்லாருக்கும் ஒரே நினைப்புதான்: ஏரி நிரம்பியிருக்கும், மீன் கிளம்பியிருக்கும், இந்த ஞாயிறே போய்விட வேண்டும். நானும் பல வருடம் அப்படித்தான் கிளம்பினேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் சுற்றிய பிறகு புரிந்தது, மழை நின்ற நாளைப் பார்த்துப் பயணத்தை வைக்கக் கூடாது, தண்ணீர் வரத்தைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

ஏன் என்றால், நம் ஏரிகள் பெரும்பாலும் ஒன்றோடு ஒன்று தொடுத்தவை. மேலே இருக்கிற ஏரி நிரம்பிக் கலங்கல் போனால், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிவதற்கென்று கட்டிய கல்சுவரைத் தாண்டினால், அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்கு வரும், அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தாலே 1 கோடி லிட்டர் தண்ணீர். அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனாலும் மீதி எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும்? அதனால் உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஏரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். போகிற ஊருக்கு மட்டும் வானிலை பார்ப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற முதல் தவறு. மேலே இருக்கிற ஊர்களுக்கும், முடிந்தால் பக்கத்து மாவட்டத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். வானிலை மையம் கனமழை என்று சொன்னால் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ., மிக கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ., அதற்கு மேல் போனால் அதி கனமழை. மேலே மிக கனமழை பெய்திருந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். அப்புறம், கிளம்புவதற்கு முன்னால் அந்த ஊரில் தெரிந்த விவசாயிக்கோ ஏரிக்கரை டீக்கடைக்கோ ஒரு போன் போட்டு, "கலங்கல் போகுதா? வரத்து இன்னும் இருக்கா?" என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

மூன்று வருடம் முன்னால் ஒரு கார்த்திகை மாதம், நானும் என் மச்சானும் கலங்கல் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் அங்கே சுவருக்கு ஒரு சாண் கீழே இருந்தது, மழை நின்று ஒன்றரை நாள் ஆகியிருந்தது. பையை ஒரு கல் மேல் வைத்துவிட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தக் கல்லைச் சுற்றி வைக்கோல் துணுக்கும் வேலங்காயும் நுரையும் மிதந்து வந்து ஒட்டிக்கொள்வதை மச்சான்தான் கவனித்தார். திரும்பிப் பார்த்தால் நாங்கள் நடந்து வந்த தாழ்வான பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த இழுப்பில் கால் வைத்திருக்கவே முடியாது. அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும் முதல் வேலையாகத் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை ஊன்றி, நீர்மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுவேன். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கண் அங்கே போகும். கீறல் மறைந்தால் சுருட்டிக்கொண்டு மேலே ஏறிவிட வேண்டியதுதான்.

கலங்கலுக்குக் கீழே விழுகிற தண்ணீரில் மீன் துள்ளுவதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும், அது இயல்புதான். ஆனால் அந்தக் கல்தளம் முழுக்கப் பாசி. விழுகிற தண்ணீர் அடியில் குழி பறித்துச் சுழன்று மேலே வரும், அதில் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கஷ்டம். ஷட்டர் வைத்த பெரிய ஏரி என்றால் இன்னும் மோசம், திறக்கிற அளவு சில மணி நேரத்தில் பல மடங்காகும். கரை மேலேயும் மதகு பக்கத்திலும் மண் ஊறிப்போயிருக்கும். விரிசல் தெரிந்தாலோ வெளிச்சரிவில் தண்ணீர் கசிந்தாலோ அங்கே உட்காராமல் ஊர்க்காரர்களிடம் உடனே சொல்லுங்கள். மதுராந்தகத்தில் ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பேர் வந்ததே கரை உடைந்துவிடுமோ என்ற இந்தப் பயத்தில்தான்.

இன்னும் பல பேரைக் கொண்டுபோவது ஏரிக்குள் இருக்கிற குழிகள். கோடையில் வண்டலும் சவுடும் எடுத்த இடம், மழையில் நிரம்பியதும் மேலிருந்து பார்த்தால் மற்ற தண்ணீர் மாதிரியேதான் தெரியும். முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவர் அடுத்த எட்டில் இரண்டு ஆள் ஆழத்தில் இருப்பார், அடியில் களிமண் வழுக்கும், ஏற முடியாது. தூண்டில் முள் மாட்டிக்கொண்டது, தக்கை அறுந்து போய்விட்டது என்று தயவுசெய்து உள்ளே இறங்காதீர்கள். ஒரு முள்ளின் விலை சில ரூபாய்தான். ஏரிக்குள் கருவேலமரம் இருக்கிற இடங்களில் தூண்டில் நரம்பு மாட்டத்தான் செய்யும், அறுத்து விட்டுவிடுங்கள். மீனவர்கள் தெர்மாகோலிலும் லாரி ட்யூபிலும் உள்ளே போகிறார்களே என்று நாமும் போவது அறவே வேண்டாம், அவர்களுக்கு அந்த ஏரியின் அடி முழுக்கத் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப்போனால் அவர்களைப் பார்த்துக்கொள்ளத் தூண்டில் தொடாத ஒரு பெரியவர் தனியாக வேண்டும். குடித்துவிட்டு யாரும் தண்ணீர் பக்கம் போகக் கூடாது.

இடி சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டுகிற தூரத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கார்பன் ராடு (தூண்டில் கம்பு) மின்சாரத்தைக் கடத்தும், கீழே வைத்துவிட்டு வண்டிக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிடம் வரை வெளியே வர வேண்டாம். நம் ஏரிக்கரையில் ஒதுங்க முதலில் கண்ணில் படுவது பனைமரம், அதன் அடியில் மட்டும் நிற்காதீர்கள். வளைக்குள் தண்ணீர் புகுந்து பாம்புகளும் கரைக்கு வந்திருக்கும். கணுக்காலை மூடுகிற ஷூ, இருட்டினால் டார்ச், கல்லைப் புரட்டி மண்புழு தேடும்போது குச்சி. கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலில் புண் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் வைக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். போய்வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் ஏரிக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அனுமதி விஷயத்தைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. ஊர் ஏரிகளில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் பிடிக்கிற உரிமை, ஏலம் போயிருக்கும், எடுத்தவர் தண்ணீர் வந்ததும் காசு போட்டு கட்லா, ரோகு குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை, கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், எந்தப் பக்கம் போடலாம் என்றும் சொல்வார்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி மாதிரி பறவைச் சரணாலயங்கள் பக்கம் தூண்டிலோடு போகவே கூடாது.

சரி, மீனுக்கு வருவோம். நிறையத் தண்ணீர் வந்தால் நிறைய மீன் கடிக்கும் என்று நினைப்பது தப்பு. புதுத்தண்ணீர் சாணியும் இலைதழையும் மண்ணும் சேர்த்துக்கொண்டு வரும், அது மக்கும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்னும். நாலு நாள் மேகமூட்டத்தில் பாசியும் ஆக்சிஜன் கொடுத்திருக்காது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. அன்று கெண்டைக்கும் ரோகுக்கும் காத்திருப்பது வீண். விரால், குரவை, தேளி மூன்றும் மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்கள் என்பதால் அப்போதும் கடிக்கும். தேளியை மட்டும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள்; அதன் முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும்.

நான் செய்கிற சோதனை ஒன்று உண்டு. கரையோரத்தில் குனிந்து முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு விரலை விரித்துப் பார்ப்பேன். மணிக்கட்டே தெரியாமல் டீ நிறத்தில் இருந்தால் பளபளக்கிற லூர் (செயற்கை இரை) எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும், மண்புழுவோ கோழிக்குடலோ, மணத்தை வைத்துத் தேடிவருகிற இரைதான் கெளுத்திக்கு எடுபடும். உள்ளங்கை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தால் மைதா உருண்டையில் ஜிலேபியும் கெண்டையும் கிடைக்கும். இடமும் முக்கியம். ஆழத்தில் வீசாமல் வரத்து வாய்க்கால் ஏரியில் சேர்கிற இடத்துக்குப் பக்கவாட்டில், கலங்கிய புதுத்தண்ணீரும் பழைய தண்ணீரும் கோடு போட்ட மாதிரி பிரிகிற ஓரத்தில் போட்டுப் பாருங்கள். அடித்து வரும் புழுப்பூச்சி அங்கேதான் தேங்கும். உடம்பில் சிவந்த புண் உள்ள மீன் வந்தால் அதைச் சமைக்க வேண்டாம், தண்ணீர் குளிர்கிற இந்த மாதங்களில் விரால், கெண்டைக்கு அந்த நோய் வரும்.

வாய்க்காலில் எதிர்நீச்சல் போட்டு ஏறுகிற மீனை வலையை அடைத்து மொத்தமாக வாரிக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. முட்டையிடத்தான் அவை ஏறுகின்றன. அதே மாதிரி, கரையோரப் புல் நடுவே தண்ணீர் மேல் செக்கச்செவேல் என்று ஒரு தட்டு அகலத்துக்குக் கொதிக்கிற மாதிரி தெரிந்தால் அது விரால் குஞ்சுக் கூட்டம், தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். அங்கே தூண்டிலில் தவளையை மாட்டி இழுத்தால் கட்டாயம் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. பிடித்துவிட்டால் சிறிது நேரத்தில் ஜிலேபி வந்து அத்தனை குஞ்சையும் தின்றுவிடும். அந்த இடத்தை மனசில் குறித்துக்கொண்டு தள்ளிப் போய் உட்காருங்கள். தை மாதம் மறுபடி வந்தால் தண்ணீர் தெளிந்து குஞ்சுகள் பிரிந்து போயிருக்கும், அப்போது அதே புல்லோரத்தில் தவளையைத் தாராளமாகப் போடலாம்.