18 புள்ளி 19-ஐ முந்தியது எப்படி? யூரோ 2016 தகுதிச்சுற்றின் கணக்கை நாமே போடுவோம்

பிரான்சில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையான யூரோ 2016-க்கான தகுதிச்சுற்று முடிந்த அன்று எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. சி பிரிவில் உக்ரைன் 19 புள்ளியோடு மூன்றாம் இடம். எச் பிரிவில் நார்வேயும் அதே 19, அதே மூன்றாம் இடம். ஏ பிரிவில் மூன்றாவதாக வந்த துருக்கிக்கு 18தான். ஆனால் உக்ரைனும் நார்வேயும் பிளே-ஆஃப் (மீதி இடங்களுக்கான கூடுதல் சுற்று) ஆட வேண்டியிருந்தது. துருக்கி நேராக பிரான்சுக்குப் போய்விட்டது.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எல்லா முடிவுகளையும் எழுதிக் கணக்குப் போட்ட பிறகுதான் தெளிவு வந்தது. அந்த வழியைத்தான் இங்கே தருகிறேன். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 என்பது தெரிந்திருந்தால் போதும்.

படி 1: விதியைத் தாளில் எழுதுங்கள்

53 அணிகள். ஆறு அணிகள் கொண்ட பிரிவுகள் எட்டு, ஐந்து அணிகள் கொண்ட பிரிவு ஒன்று. ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளுக்கு நேரடி இடம். மூன்றாவதாக வந்த ஒன்பது அணிகளில் சிறந்த ஒன்றுக்கும் நேரடி இடம், மீதி எட்டுக்கும் பிளே-ஆஃப்.

ஐந்து அணிப் பிரிவில் இருந்த டென்மார்க் ஆடியது எட்டே ஆட்டங்கள். மற்ற மூன்றாம் இட அணிகள் பத்து ஆடின. இதைச் சமன் செய்யத்தான் அந்த விதி: ஆறு அணிப் பிரிவுகளில், ஆறாம் இடத்து அணியுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும். இந்த ஒரு வரியைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: முடிவுகளை ஏற்றுங்கள்

நான் கூகுள் ஷீட்ஸ்தான் பயன்படுத்துகிறேன். ஆட்டத்துக்கு ஒரு வரிசை: தேதி, சொந்த மண் அணி, அதன் கோல், எதிரணியின் கோல், எதிரணி. புள்ளிப்பட்டியலைத் தனித் தாளில் வையுங்கள். தயாராகக் கிடைக்கும் பட்டியலை வெட்டி ஒட்டாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். யாருடன் ஆடியதில் எத்தனை புள்ளி என்று பிரித்துப் பார்க்க அதில் வழி கிடையாது. நமக்குத் தேவை அதுதான்.

படி 3: ஆறாம் இடம் யாருக்கு?

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எஃப் பிரிவில் மூன்றாவது ஹங்கேரி, 16 புள்ளி. அடியில் கிரீஸும் ஃபேரோ தீவுகளும் ஆளுக்கு 6 புள்ளி. நான் பழக்கத்தில் கோல் வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்தினேன். கிரீஸுக்கு 7 அடித்து 14 வாங்கியதில் மைனஸ் 7; ஃபேரோவுக்கு 6 அடித்து 17 வாங்கியதில் மைனஸ் 11. ஆகவே ஃபேரோதான் ஆறாவது என்று எடுத்துக்கொண்டேன். ஹங்கேரி ஃபேரோவை இரண்டு முறையும் வென்றிருந்தது. 6 புள்ளி கழிந்து 10 ஆனது.

அது தப்பு. யூரோ தகுதிச்சுற்றில் புள்ளி சமமானால் முதலில் பார்ப்பது அந்த அணிகள் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களை. மொத்த கோல் வித்தியாசம் அதற்கெல்லாம் பிறகுதான். ஃபேரோ தீவுகள் கிரீஸை அதன் மண்ணிலேயே 1-0 என்றும், தன் ஊரில் 2-1 என்றும் வென்றது. 2004-இல் யூரோ கோப்பையையே தூக்கிய கிரீஸ்தான் கடைசி! ஹங்கேரி கிரீஸுடன் எடுத்தது ஒரே புள்ளி (0-0, 3-4). 16-இல் ஒன்று போனால் 15. பத்துக்கும் பதினைந்துக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

படி 4: கழித்துப் பாருங்கள்

உக்ரைன், நார்வே இரண்டும் தங்கள் பிரிவின் கடைசி அணியை இரண்டு முறையும் வென்றிருந்தன. 19-இல் 6 போக 13. அயர்லாந்து 18-இல் ஜிப்ரால்டரை வென்ற 6 போக 12. ஸ்வீடனும் அதே போல 12.

துருக்கிக்கு வருவோம். ஏ பிரிவின் அடியில் கஜகஸ்தானும் லாட்வியாவும் தலா 5 புள்ளி. இருவரும் மோதியதில் ஒன்று 0-0, மற்றொன்றில் கஜகஸ்தான் 1-0 என்று வென்றது. ஆக லாட்வியாதான் ஆறாவது. துருக்கி லாட்வியாவுடன் இரண்டு முறையும் 1-1 டிரா. 18-இல் 2 மட்டும் போக 16. கடைசி அணியை வெல்ல முடியாமல் போனது இந்தக் கணக்கில் அவர்களைப் பாதிக்கவே இல்லை!

துருக்கி 16, ஹங்கேரி 15. ஒரே புள்ளி.

படி 5: ஒரு முடிவை மாற்றிப் பாருங்கள்

தாள் தயாரானதும் நான் முதலில் செய்தது இதுதான், நீங்களும் செய்யுங்கள். 2015 அக்டோபர் 13, கடைசி நாள். ரிகாவில் லாட்வியாவை எதிர்த்து 65-ஆவது நிமிடத்தில் கஜகஸ்தானின் இஸ்லாம்பெக் குவாத் அடித்த கோலை அழித்து 0-0 ஆக்குங்கள். லாட்வியாவுக்கு 6, கஜகஸ்தானுக்கு 3 என்றாகி, கஜகஸ்தான் ஆறாவதாகிவிடும். துருக்கி அவர்களை இரண்டு முறையும் வென்றிருந்ததால் 18-இல் 6 போய் 12 ஆகும். நேரடி இடம் ஹங்கேரிக்கு.

அதைத் திரும்பப் போட்டுவிட்டு, அதே இரவு கோன்யாவில் ஐஸ்லாந்துக்கு எதிராக 89-ஆவது நிமிடத்தில் செல்சுக் இனான் அடித்த ஃப்ரீ கிக்கை அழியுங்கள். துருக்கிக்கு 16, லாட்வியாவின் 2 போக 14. இப்போதும் ஹங்கேரிதான். இரண்டு ஊர்களில் விழுந்த இரண்டு கோலும் துருக்கிக்குத் தேவைப்பட்டன. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் ஹங்கேரி பிளே-ஆஃபில் நார்வேயை வென்று பிரான்சுக்கு வந்து சேர்ந்தது, அங்கே தன் பிரிவில் முதலிடமும் பிடித்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பின்சேர்க்கை 1: கோலை 2-1 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் அது தேதியாக மாறிவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அதற்குத்தான் இரண்டு கோலுக்கும் தனித்தனிக் கட்டம். படி 2-இல் இதை விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: 2018 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றின் ஏ பிரிவுக்கு இதே முறையைப் போட்டால் நெதர்லாந்து இரண்டாவதாக வருகிறதே என்று ஒரு வாசகர் கேட்டார். நல்ல கேள்வி. ஸ்வீடனும் நெதர்லாந்தும் 19 புள்ளி. நேருக்கு நேர் 1-1, 2-0 என நெதர்லாந்துதான் மேலே. ஆனால் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் மொத்த கோல் வித்தியாசம்தான் முதலில். ஸ்வீடனுக்கு பிளஸ் 17, நெதர்லாந்துக்கு பிளஸ் 9. லக்சம்பர்க்கை 8-0 என்று அடித்தது ஸ்வீடனுக்குக் கைகொடுத்தது. எந்தப் போட்டி என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 3: பயிற்சிக்கு இன்னொன்று கேட்டிருந்தீர்கள். யூரோ 2016 சி பிரிவின் அடியில் லக்சம்பர்க்கும் மாசிடோனியாவும் தலா 4 புள்ளி. மாசிடோனியா சொந்த மண்ணில் 3-2, லக்சம்பர்க் சொந்த மண்ணில் 1-0. நேருக்கு நேர் புள்ளி சமம், வித்தியாசம் சமம், அடித்த கோலும் மூன்றுக்கு மூன்று. அடுத்து எதிரணி மண்ணில் அடித்த கோல்: லக்சம்பர்க் 2, மாசிடோனியா 0. ஆகவே ஆறாவது மாசிடோனியா. உக்ரைன் இரண்டு அணிகளையும் இரண்டு முறை வென்றிருந்ததால் அதன் 13 மட்டும் மாறாது.