கேபிள் எரிந்த கம்ப்யூட்டரை உடனே மறுபடி ஆன் செய்யாதீர்கள்

முதல் தடவை புகை வந்தபோது கேபிளோடு நின்றிருக்க வேண்டிய சேதம், 'ஆன் ஆகிறதா என்று இன்னொரு தடவை பார்ப்போம்' என்று பவர் பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு வரை போய்விடுகிறது. வீட்டிலேயே அசெம்பிள் செய்தவர்கள் கேபிளை மாற்றிச் செருகி எரித்துக்கொண்டு உதவி கேட்டு வந்தால், நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: புகை வந்த பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள்? 'ஒரு முறைகூட இல்லை' என்று பதில் வந்தால் பெரும்பாலும் நம்பிக்கையோடு வேலையைத் தொடங்கலாம்.

அடிக்கடி நடக்கிற ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். பழைய எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி, 550 வாட். புதிய கிராபிக்ஸ் கார்டுக்காக 850 வாட் வாங்குகிறார் ஒருவர். இரண்டுமே மாடுலர் வகை, அதாவது கேபிள்களைத் தனியாகக் கழற்றிச் செருகும்படி வருபவை. கேபினட்டின் பின்பக்கம் பொறுமையாக டை போட்டுக் கட்டிவைத்த பழைய கேபிள்களைப் பிரிக்க மனமில்லாமல், பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு அதே கேபிள்களைப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகுகிறார். கச்சிதமாகப் பொருந்துகிறது. பட்டனை அழுத்தியதும், டிரைவ்களுக்குப் பவர் கொண்டுபோகும் சாட்டா கேபிள் பக்கம் புகை, ஹார்டு டிஸ்க்கின் போர்டில் ஒரு கருகல்.

பொருந்தியது எப்படித் தவறாகும்? 1995இல் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் தர வரையறை, மதர்போர்டு பக்கமும் டிரைவ் பக்கமும் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வர வேண்டும் என்பதைத்தான் நிர்ணயிக்கிறது. மாடுலர் கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்கம் அதில் சேரவில்லை. அங்கே எந்த ஓட்டையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட், எதில் கிரவுண்ட் (கரண்ட் திரும்பி வரும் ஒயர்) என்பது ஒவ்வொரு தயாரிப்பாளரின் சொந்த முடிவு. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட இது மாறலாம். கனெக்டர் வடிவம் மட்டும் ஒன்றாக இருப்பதால் கை ஏமாந்துவிடுகிறது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிரைவ் போச்சு. கிரவுண்டும் 12 வோல்ட்டும் இடம் மாறினால் ஒயரே எரியும்.

இங்கே பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஷார்ட் ஆனதும் தானே நின்றுவிடாதா? முழு ஷார்ட் என்றால் நின்றுவிடும். ஆனால் 850 வாட் எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 12 வோல்ட் முழுவதும் ஒரே தடமாக இருக்கும். அது சுமார் 70 ஆம்பியர் வரை கொடுக்கும். தவறான இணைப்பில் ஒரு சிறு தடை வழியாக 20, 30 ஆம்பியர் ஓடினால், ஏதோ பெரிய கிராபிக்ஸ் கார்டு வேலை செய்கிறது என்றுதான் எஸ்எம்பிஎஸ் அதை எடுத்துக்கொள்ளும். சாட்டா ஒயர் அதற்கெல்லாம் தாங்காது. ஆகவே எஸ்எம்பிஎஸ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை வைத்து, பெரிய பிரச்சினை இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

புகை வந்த அந்த நிமிடம்

சுவர் ஸ்விட்ச்சை அணைத்தால் போதும் என்று நினைப்பது ஒரு தவறு. நம் வீடுகளில் கம்ப்யூட்டர் பெரும்பாலும் யூபிஎஸ் வழியாகத்தான் ஓடுகிறது. சுவரில் அணைத்தால், கரண்ட் போய்விட்டது என்று எண்ணி யூபிஎஸ் பேட்டரியிலிருந்து கொடுக்கத் தொடங்கிவிடும். எரிகிற ஒயர் எரிந்துகொண்டேதான் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச்சை அணையுங்கள், அல்லது யூபிஎஸ்ஸை அணையுங்கள். அதன் பிறகு பவர் கார்டைப் பிடுங்குங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஒயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்கிற அமில வாயு வரும், அதை மூச்சில் இழுக்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் முதலில் அவர்களை வெளியே அனுப்புங்கள்.

எதையும் பிரிக்கும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த கேபிள் எஸ்எம்பிஎஸ்ஸின் எந்த சாக்கெட்டில் இருந்தது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். இதைச் செய்யாமல் பதற்றத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டால், எது எதோடு மாறியது என்பதை அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் எந்தப் பாகத்தில் எத்தனை வோல்ட் ஏறியது என்றும் தெரியாது.

எரிந்த ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றி மறுபடி பயன்படுத்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. வெளியே ஓரிடம் கருகியிருந்தால், உள்ளே செம்பும் கனெக்டர் பின்னும் அதற்கு முன்னாலேயே சூடேறிக் கெட்டிருக்கும். சூடுபட்ட பின் தளர்ந்துவிடும், தளர்ந்த இடத்தில் தடை கூடும். வெறும் 0.05 ஓம் தடை உள்ள பின்னில் 8 ஆம்பியர் ஓடினால் அந்தச் சின்ன இடத்தில் மட்டும் 3.2 வாட் வெப்பம் உருவாகும். பிளாஸ்டிக் உருகத் தொடங்க அது தாராளம். எரிந்த கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டும். ஒட்டுப்போட்டு ஓட்டுகிற பேச்சே வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கிற ஆர்வத்தையும் அடக்கிக்கொள்ளுங்கள். அதன் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி தேங்கியிருக்கும். பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே நிற்கும், உயிருக்கே ஆபத்து.

ஒவ்வொன்றாக, தனித்தனியாக

அடுத்த பெரிய தவறு, சந்தேகத்துக்குரிய பாகத்தை நல்ல பாகத்தோடு சேர்த்துச் சோதிப்பது. நண்பரின் மதர்போர்டை வாங்கிவந்து, எரிந்த கேபிள் கிடந்த அதே எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிப் பார்ப்பார்கள். எஸ்எம்பிஎஸ் கெட்டிருந்தால் நண்பரின் போர்டும் போய்விடும். எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற இடம், அதனால் அதைத் தனியாக, எதனோடும் இணைக்காமல் முதலில் சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பு வேலை செய்து அது நின்றிருந்தால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் எழாது. பவர் கார்டைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் விட்டால்தான் பழைய நிலைக்கு வரும். இது தெரியாமல் 'எஸ்எம்பிஎஸ் அவுட்' என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தனியாக ஓட வைக்க, அதனோடு வந்த 24 பின் கேபிளை மட்டும் மாட்டி, மதர்போர்டு பக்கக் கனெக்டரில் 16ஆம் பின்னையும் அதன் பக்கத்தில் உள்ள 15 அல்லது 17ஆம் பின்னையும் ஒரு சிறு ஒயரால் இணைக்கலாம். 15, 17 இரண்டும் கிரவுண்ட். இதைக் கார்டு பிடுங்கிய நிலையில் செய்துவிட்டு, பின்னர் ஆன் செய்ய வேண்டும். பின் எண் உறுதியாகத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் என்று ஒரு சிறிய கருவி குறைந்த விலையில் கிடைக்கிறது, அதில் மாட்டினாலே வோல்ட்களைக் காட்டும். 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். 5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரை. 3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரை. ஃபேன் சுற்றவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். லோடு குறைவாக இருந்தால் ஃபேனையே நிறுத்திவைக்கிற மாடல்கள் இன்று நிறைய.

மதர்போர்டுக்கு மல்டிமீட்டர் போதும். போர்டில் எந்த கேபிளும் இல்லாதபோது, கன்டினியூட்டி மோடில் (இரண்டு முனைகளும் இணைந்திருந்தால் பீப் அடிப்பது), சிபியூவுக்கான 8 பின் சாக்கெட்டில் ஒரு 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஒரு நொடி பீப் அடித்து நின்றால் பயமில்லை, கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது. விடாமல் அடித்தால் அந்த போர்டை ஆன் செய்யாதீர்கள். சிபியூவைச் சுற்றியிருக்கும் மாஸ்பெட்கள் என்கிற சின்ன மின் ஸ்விட்ச்சுகள்தான் 12 வோல்ட்டைச் சுமார் 1.2 வோல்ட்டுக்குக் குறைத்துத் தருகின்றன. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 12 வோல்ட் நேரடியாக சிபியூவுக்குள் போகலாம். இரண்டாவது அழுத்தலைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பீப் இல்லையென்றால் போர்டைக் கேபினட்டுக்கு வெளியே, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, சிபியூ, கூலர், ஒரே ஒரு ரேம் மட்டும் மாட்டி ஆன் செய்யலாம். சிபியூவில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டே வேண்டாம். அதில் படம் வந்துவிட்டால் பாதிக்கு மேல் கவலை தீர்ந்தது. கிராபிக்ஸ் கார்டு அதற்கப்புறம்.

டிரைவ்கள்தான் கடைசி. கேபிள் குழப்பத்தில் அதிகம் அடிபடுவதும் அவைதான். மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகை எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஆறுதல்: அதற்கு 3.3 வோல்ட் மதர்போர்டிலிருந்து போகிறது, டிரைவ் கேபிள் மாறியதால் அதற்கு நேரடிப் பாதிப்பு இருக்காது. சாட்டா எஸ்எஸ்டி பொதுவாக 5 வோல்ட்டில் மட்டுமே ஓடுவது, 12 வோல்ட் ஏறினால் தாங்குவது கடினம். ஹார்டு டிஸ்க் கதை வேறு. பல ஹார்டு டிஸ்க்குகளின் போர்டில் 5 வோல்ட் தடத்துக்கும் 12 வோல்ட் தடத்துக்கும் டிவிஎஸ் டையோடு என்கிற காவல் பாகம் உண்டு. அதிக வோல்ட் வந்தால் அது தன்னை ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற சில்லுகளைக் காப்பாற்றும். அப்படி ஷார்ட் ஆகிவிட்ட டிஸ்க்கை இணைத்தால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது. அதைப் பார்த்துத் 'தீர்ந்தது' என்று நினைக்க வேண்டாம், டேட்டா பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

அந்த வாய்ப்பைக் கெடுக்கிற இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, வெவ்வேறு கம்ப்யூட்டர்களில் மாட்டி மாட்டிப் பார்ப்பது. இன்னொன்று, அதே மாடல் பழைய டிஸ்க்கை வாங்கி அதன் போர்டைக் கழற்றி இதில் மாட்டுவது. இன்றைய ஹார்டு டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய அளவீட்டுத் தகவல்கள் போர்டில் உள்ள, கரண்ட் போனாலும் அழியாத ஒரு நினைவகச் சில்லில் இருக்கும். அந்தச் சில்லையும் மாற்றிப் பொருத்தாமல் போர்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் எழாது. குடும்பப் படங்களோ வேலை ஆவணங்களோ அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால், கையை எடுத்துவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள். நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். 'தவறான கேபிளில் 12 வோல்ட் ஏறிவிட்டது' என்ற ஒரே தகவல் அவருடைய வேலையைப் பெருமளவு சுருக்கிவிடும்.

எரிய வைக்கிற மற்ற இணைப்புகள்

மாடுலர் கேபிள் மட்டும் குற்றவாளி இல்லை. சிபியூவுக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகிற 8 பின் கனெக்டர்கள் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், 12 வோல்ட்டும் கிரவுண்டும் நேர்மாறான வரிசையில் இருக்கும். 4+4 என்று பிரிவது சிபியூவுக்கு, 6+2 என்று பிரிவது கார்டுக்கு. ஓட்டைகளின் வடிவம் தவறாகச் செருகவிடாமல் தடுக்கும், ஆனால் பலம் போட்டு அமுக்கினால் பிளாஸ்டிக் வழிவிட்டுவிடும். அமுக்கித்தான் உள்ளே போகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

சாட்டா பவரை வேறு வேலைக்கு இழுப்பது இன்னொன்று. அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். கிராபிக்ஸ் கார்டு தன் ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கலாம். கிரிப்டோ மைனிங் மோகம் இருந்த காலத்தில் ரைசர்களுக்கு (கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி மாட்டும் நீட்டிப்புகள்) சாட்டாவிலிருந்து பவர் கொடுத்தவர்களின் கனெக்டர்கள் கருகியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மோலெக்ஸ் என்கிற பழைய 4 பின் பவர் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான அடாப்டர்களில், ஒயர்களைச் சேர்த்துப் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே ஒயர்கள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பிடிப்பது அந்த வகையில்தான் அதிகம் பேசப்படுகிறது.

கிராபிக்ஸ் கார்டுகளுக்காக 2022இல் வந்த 12விஹெச்பிடபிள்யூஆர் கனெக்டர் 600 வாட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 50 ஆம்பியர், 12 வோல்ட்டுக்கு ஆறு பின்கள், பின்னுக்கு 8.3 ஆம்பியர். பாதி செருகியபடி விட்டு இரண்டு பின்கள் சரியாகத் தொடாமல் போனால் மீதி நான்கும் 12.5 ஆம்பியரைச் சுமக்க வேண்டும். முழுவதும் உள்ளே போனதா என்று டார்ச் அடித்தே பாருங்கள்.

கேபினட்டின் வண்ண லைட்டுகளில் 3 பின் ஏஆர்ஜிபி 5 வோல்ட், 4 பின் ஆர்ஜிபி 12 வோல்ட். மாற்றினால் லைட் போகும். பழைய கேபினட்டுகளில் முன்பக்க யூஎஸ்பி ஒயர்கள் தனித்தனிப் பின்களாக வரும்; அதில் 5 வோல்ட்டும் கிரவுண்டும் மாறினால் மெல்லிய ஒயர் நொடியில் புகையும். பவர் ஸ்விட்ச் ஒயரை எப்படி மாட்டினாலும் பரவாயில்லை.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களில் பழைய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்குகிறவர்கள், உடன் தரும் பையில் உள்ள கேபிள்கள் அதே மாடலுக்கானவையா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். சில தயாரிப்பாளர்கள் கனெக்டரிலேயே வகை எண்ணை அச்சிடுகிறார்கள். அப்படி எதுவும் இல்லாத கேபிள் என்றால், அது எவ்வளவு சரியாகப் பொருந்தினாலும் வேண்டாம்.

எல்லாம் சரியாகி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, பக்கவாட்டுக் கதவை மூடாமல் அரை மணி நேரம் ஒரு கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். கருகல் வாசனை வருகிறதா, ஏதாவது கனெக்டர் கையில் சுடுகிறதா, லோடு ஏறும்போது 12 வோல்ட் 11.4க்குக் கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான். எரிந்த கேபிளைக் குப்பையில் போடும் முன் இரண்டு பக்கக் கனெக்டர்களையும் வெட்டிவிடுங்கள், வேறு யாரும் எடுத்துச் செருகிவிடக் கூடாது.