குடியை நிறுத்தும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

"மாலை போட்டால் 48 நாள் தொடவே மாட்டார், கழற்றின அன்றைக்கே கடைக்குப் போய்விடுவார்." சபரிமலைக்கு விரதம் இருக்கும் குடிகாரரைப் பற்றி இப்படிப் பேசாத தெரு நம் ஊரில் குறைவு. மனசு வைத்தால் முடியும், வைக்கத்தான் மாட்டேன் என்கிறார் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது வேறு கதை சொல்கிறது. மது இல்லாமல் பழக உடம்புக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். மிச்ச நாளெல்லாம் அவரைத் தாங்கியது விடிகாலைக் குளியல், பஜனைக் கூட்டம், எல்லாரும் 'சாமி' என்று கூப்பிடுவது, 'ஒரு கட்டிங் போடலாமா' என்று யாரும் கேட்காதது. மாலையைக் கழற்றும்போது இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது.

உடம்பு மதுவுக்குப் பழகியிருப்பது ஒன்று, மனசு பழகியிருப்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

உயிருக்கே உலை வைப்பது எது என்றால், வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச்சொல்லி அறையில் பூட்டிவைப்பது. மது மூளையை மந்தமாக்கும். தினமும் மந்தமாக்கினால், அதை ஈடுகட்ட மூளையும் எதிர்ப்பக்கம் விறைத்தே நிற்கப் பழகிவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் எதிரே நிற்பவர்கள் சட்டென்று கையை விட்டால் என்ன ஆகும்? அதேதான். ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு ஆள், இடம் தெரியாத குழப்பம் வரும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ நிற்பதாகவும் கத்துவார்கள். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். இதைக் காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும், நடிக்கிறார் என்று விட்டுவிடுவதும் ஆளைக் கொன்றுவிடக்கூடும். 2020 மார்ச்சில் ஊரடங்குக்காகக் கடைகள் மூடியபோது இந்த அறிகுறிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் பலர். மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரை கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

அப்புறம், வெட்கத்தில் மறைப்பது. கால் முறிந்து சேர்த்தவர் மூன்றாம் நாள் வார்டில் உளற ஆரம்பிப்பார். தினமும் குடிப்பவர் என்று அதுவரை யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவருக்கு வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அது தெரியாமல் வெறும் குளுகோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

'அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும், உயிரும் போகலாம். மருத்துவர்கள் இதை, விளைவு தெரிந்து சம்மதித்தவருக்குத்தான் எழுதிக்கொடுப்பார்கள். ரகசியமாகக் கலப்பது விஷப்பரீட்சை.

சரி, பத்து நாள் சிகிச்சை முடிந்து முகம் தெளிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். 'குணமாகிவிட்டது' என்று அதோடு விட்டுவிடுவதுதான் அடுத்த தவறு. கடை இருக்கும் அதே திருப்பம், சம்பள நாள், வறுத்த மீன் வாசனை, மச்சானோடு ஒரு சண்டை: எதுவும் ஏக்கத்தைக் கிளப்பும். வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள்; ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் மிகச் சிலரே என்று அமெரிக்க ஆய்வாளர் லீ ராபின்ஸ் கண்டறிந்தார். அவர்களுக்கு இடமும் ஆட்களும் மாறிவிட்டன. நம்மவர் அதே தெருவுக்கே திரும்புகிறார். அதனால் கவுன்சலிங்கைப் பாதியில் விடக்கூடாது. கல்யாண வீட்டில் 'ஒரு பீர்தானே' என்று சோதித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

ஒரு நாள் சறுக்கினால் 'எல்லாம் போச்சு' என்று ஊரைக் கூட்டாதீர்கள். அந்த அவமானத்தை மறக்கவே அடுத்த குவார்ட்டர் வாங்குவார். மறுநாளே மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. அதுவரை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து கடை மூடும்வரை அவர் எங்கே, யாரோடு இருப்பார் என்று அவரிடமே கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.