ஏன் விசுவாசிக்கிறோம், ஏன் கீழ்ப்படிகிறோம்? பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) றிசல்ட் வந்து நாலைந்து நாள் இருக்கும். டச்பே கடற்கரையில் எங்கள் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகளோடு இருந்து கதைத்துக்கொண்டிருந்தேன். இருட்டுப்பட்டதும் மற்றவர்கள் எழும்பிவிட்டார்கள். ஒருவன் மட்டும் எழும்பவில்லை. செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினான், போட்டான், திரும்பவும் கழற்றினான். பிறகு கேட்டான்.

“அக்கா, அம்மா ஒவ்வொரு கிழமையும் சேர்ச்சில சாட்சி சொல்லுறா, ஜெபிச்சா கர்த்தர் தருவார் எண்டு. நானும் உபவாசம் இருந்து ஜெபிச்சனான். ரெண்டு பாடம் ஃபெயில். என்னோட படிச்சவன் காளி கோயிலுக்குப் போனவன், அவனுக்கு மூண்டு ஏ. அப்ப நான் ஏன் இயேசுவை நம்ப வேணும்?”

“கர்த்தர் உனக்கு இதைவிடப் பெரிசா ஏதோ வைச்சிருக்கிறார்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவன் காரணம் கேட்டான். நான் ஆறுதல் கொடுத்தேன். திருகோணமலையில் ஞாயிறு பாடசாலையில் பல வருடமாகப் படிப்பிக்கிற எனக்கே அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. அதன்பிறகு, இந்தக் கேள்வி வரும்போது நாங்கள் எங்கெங்கே பிழைவிடுகிறோம் என்று யோசிக்கத் தொடங்கினேன். அப்படிக் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆசீர்வாதத்தைக் காரணமாகக் காட்டுவது

எங்கள் சபைகளில் சாட்சி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். விசா கிடைத்தது, கட்டி கரைந்தது, வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, மகளுக்கு நல்ல இடம் பொருந்தியது. நன்றி சொல்வது நல்லது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் நன்றிக்குரியதை விசுவாசத்தின் காரணமாக மாற்றிச் சொன்னால் பிள்ளைகள் ஒரு கணக்கைப் படித்துக்கொள்கிறார்கள். கிடைத்தால் கடவுள் இருக்கிறார், கிடைக்காவிட்டால் இல்லை. காளி கோயிலுக்குப் போன பிள்ளைக்கு மூன்று ஏ வந்ததும் அந்தக் கணக்குப் பிழைக்கிறது. அந்தப் பிள்ளை இரவிரவாக இருந்து படித்தவன். அவன் உழைப்புக்கு வந்த பலனுக்கும், இயேசு உயிர்த்தாரா இல்லையா என்பதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பாபிலோனில் எரிகிற சூளைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட மூன்று வாலிபர் என்ன சொன்னார்கள்? எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர். ‘விடுவிக்காமற்போனாலும்’ உம்முடைய சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். சூளையில் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டு அவர்கள் விசுவாசிக்கவில்லை.

அப்படியானால் காரணம் எது? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்: கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண். இதைவிடத் துணிந்து எப்படிச் சொல்வது? எங்கே தட்டினால் முழுக் கட்டடமும் விழும் என்பதை அவரே தொட்டுக் காட்டுகிறார். அதோடு நிற்காமல் உயிர்த்தவரைக் கண்டவர்களை வரிசைப்படுத்துகிறார். பேதுரு, பன்னிருவர், ஒரே வேளையில் 500க்கும் மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, கடைசியாகத் தான். அந்த 500 பேரில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். போய்க் கேட்கலாம் என்பதுதானே அதன் அர்த்தம்.

அந்த நிருபம் ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்டது. சிலுவை மரணத்துக்குப் பிறகு சுமார் 20, 25 வருடம். அது எவ்வளவு குறுகிய காலம் என்று எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுனாமி வந்து 20 வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு ஒருவர், அன்று கடல் கிண்ணியாப் பக்கம் வரவேயில்லை என்று எழுதட்டும் பார்ப்போம். கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் எத்தனை பேர் எழும்பி வருவார்கள்! பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இருக்கிறார். மரத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பியவர் இருக்கிறார். பவுலும் அப்படிக் கண்ணால் கண்டவர்கள் நடமாடிய காலத்தில்தான் எழுதினார்.

இன்னும் இரண்டு விஷயம். நாலு சுவிசேஷங்களும் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள் என்றே சொல்கின்றன. அந்தக் காலத்து யூத சமுதாயத்தில் பெண்ணின் சாட்சிக்குப் பெரிய மதிப்பில்லை. கதை கட்டுகிறவன் அப்படிப்பட்ட சாட்சியை முன்னுக்கு வைப்பானா? மற்றது யாக்கோபு, இயேசுவின் சகோதரன். இயேசு ஊழியம் செய்த நாட்களில் அவருடைய சகோதரர் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. அதே யாக்கோபு பின்னர் எருசலேம் சபையின் தலைவராகிறார். அவர் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கூடப்பிறந்தவனை ‘என் ஆண்டவர்’ என்று சொல்லிச் சாவதற்கு ஒருவன் எதைக் கண்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு மிகவும் கனமாகப் படுகிற காரணம் இதுதான்.

இவையெல்லாம் கணிதத் தேற்றம் போல நிறுவிக் காட்டுகிற விஷயங்கள் அல்ல. நியாயமாக யோசிக்கிற ஒருவர் காலை ஊன்றி நிற்க இந்த நிலம் போதும் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த கிழமை அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். “அப்ப சோதனைக்கு ஜெபிக்கிறதில பிரயோசனம் இல்லையா?” என்று கேட்டான். ஜெபி, அப்பாவிடம் கேட்கிற மாதிரிக் கேள், ஆனால் அப்பா இருக்கிறாரா என்று பார்ப்பதற்காகக் கேட்காதே என்றேன். தலையாட்டவில்லை, மறுக்கவுமில்லை. ஐக்கியத்துக்கு வந்துகொண்டிருக்கிறான்.

கேள்வியின் வாயை மூடுவது

“விசுவாசம் எண்டா கேள்வி கேக்கக் கூடாது” என்று சின்ன வயதில் எனக்கும் சொல்லித் தந்தார்கள். வேதத்தில் அப்படி இல்லை. உயிர்த்த இயேசுவைக் கண்டு பணிந்துகொண்ட இடத்திலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு கடைசி அதிகாரத்தில் எழுதுகிறார். பவுல் பிரசங்கித்ததைக்கூட வேதவாக்கியங்களோடு ஒத்துப் பார்த்த பெரோயா ஊரார் நற்குணசாலிகள் என்று பாராட்டப்படுகிறார்கள். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்க உதவும்” என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். கேட்கிற பிள்ளையை அடக்கினால் அவன் கேட்பதை நிறுத்தமாட்டான். எங்களிடம் கேட்பதைத்தான் நிறுத்துவான்.

கீழ்ப்படிதலைச் சீட்டுப்போலக் கட்டுவது

மாதாமாதம் சீட்டுக்காசு கட்டுகிறோம், ஒருநாள் எங்கள் பெயருக்கு விழும் என்று பார்த்திருக்கிறோம். விழாவிட்டால் சீட்டுப் பிடிக்கிறவரின் வீட்டு வாசலில் போய் நிற்போம். கடவுளுக்குக் கீழ்ப்படிவதையும் நாங்கள் அப்படித்தான் ஆக்கிவைத்திருக்கிறோம். தசமபாகம் கொடுத்தேன், ஒரு ஆராதனையும் விடவில்லை, இருந்தும் எனக்கேன் இப்படி என்று கேட்கிற குரலில் சீட்டுக்காரரின் கோபம்தான் இருக்கிறது. கெட்ட குமாரன் உவமையில் மூத்த மகன் பேசுவதும் அதே தொனியில்தான். இத்தனை வருடம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒரு ஆட்டுக்குட்டியாவது தந்தீரா என்கிறான். தகப்பன் வீட்டில் இருந்துகொண்டே அவன் சம்பளக்காரனாக வாழ்ந்திருக்கிறான்.

பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றன என்று பிள்ளைகளிடம் கேட்டால், “என்னையன்றி வேறே தேவர்கள்” என்று உடனே சொல்வார்கள். அதற்கு முந்திய வரியைக் கேட்டால் பெரியவர்களுக்கும் வராது. யாத்திராகமம் 20இல், அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவன் நானே என்பது முதலில் வருகிறது. செங்கடலைக் கடந்தாயிற்று, சங்கிலி அறுந்தாயிற்று. அதற்குப் பிறகுதான் சீனாய் மலை. இந்தக் கட்டளைகளைக் கைக்கொண்டால் விடுதலை தருவேன் என்று கடவுள் எகிப்தில் வைத்துப் பேரம் பேசவில்லை. விடுவித்துவிட்டு, விடுதலையான ஜனம் எப்படி வாழவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்.

சகேயுவுக்கும் அந்த ஒழுங்குதான். ஊரார் வெறுத்த ஆயக்காரனின் வீட்டுக்கு இயேசு முதலில் போகிறார். அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்று சகேயு எழுந்து சொல்வது அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் கீழ்ப்படிதல் பயத்தில் செய்கிற வேலையாகிவிடும்.

கிருபையால் இரட்சிக்கப்பட்டோம், இனிக் கீழ்ப்படிதல் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. என்னில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள் என்று இயேசு சொன்னதே அவர்களுக்குப் பதில். அன்பு வைத்தவரின் வார்த்தையைத் தட்டிக்கொண்டே இருப்பது அன்பாகாது.

மனிதனுக்குக் கீழ்ப்படிவதைக் கடவுளுக்குக் கீழ்ப்படிவதாக எண்ணுவது

எனக்குத் தெரிந்த ஒரு மாமிக்குச் சீனி வருத்தம். சுகமாகிவிட்டது என்று நம்பு, ஊசி போடுவது அவிசுவாசம் என்று ஒரு ஊழியக்காரர் சொன்னாராம். மாமி இன்சுலினை நிறுத்தினா. காலில் இருந்த சின்னப் புண் பெருத்து, கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, “எனக்கு விசுவாசம் காணாமப் போச்சு பிள்ளை” என்று தன்னையே நொந்தா. மாமியின் அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

பவுலோடு கூடவே திரிந்த லூக்கா ஒரு வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்று வருத்தத்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் எழுதினார். உனக்கு விசுவாசம் குறைவு என்று எழுதவில்லை. போதகர்களை மதிக்க வேண்டும். ஆனால் மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப் பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம் என்று அப்போஸ்தலர் நின்று சொன்னது, அவர்களுடைய மதத்தின் பிரதான ஆசாரியனுக்கு முன்னால்தான். ஊழியக்காரர் சொல்வதை வேதத்தோடு ஒத்துப் பார்ப்பது கலகம் ஆகாது.

துன்பத்துக்கு விளக்கம் சொல்வது

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள். தண்ணீர் வடிந்து சேறு காயமுன்னமே, இது இன்னாருடைய பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று சிலர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்களும் கதைத்தார்கள். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தியை லூக்கா 13இல் இயேசுவே எடுத்துப் பேசுகிறார். அந்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்று தெளிவாகச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். செத்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் நல்ல காரியம் அதுதான். செத்த வீட்டில் எங்கள் விசுவாசத்துக்குக் காரணம் கேட்கப்படுவதில்லை. பாயில் ஓரமாய் இருக்க இடம் கிடைத்தால் இருந்துவிட்டு, தேத்தண்ணி ஊற்ற ஆள் காணாது என்றால் எழும்பிப் போய் ஊற்றுங்கள்.

அயலவரின் கும்பிடும் இடத்தை இழிவாகப் பேசுவது

சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்களை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். சிலுவைக் கொடியோடு வந்தவர்கள் செய்தது அது. இந்த ஊரில் கிறிஸ்துவைப் பற்றி வாய் திறக்கிற எவரும் அந்தக் கற்களை மறந்துவிட்டுப் பேச முடியாது. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்கு ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியதில், பதிலுக்கு எவ்வளவு இடமோ சாந்தத்துக்கும் அவ்வளவு இடம் உண்டு.

எல்லாம் விளங்கட்டும் என்று காத்திருப்பது

உப்புவெளிக் கரையில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். கிழிந்த இடத்தைக் கால் பெருவிரலில் கொளுவி இழுத்துப் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போட்டார். லூக்கா 5ஆம் அதிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இரவு முழுக்கப் பாடுபட்டும் ஒன்றும் படவில்லை, ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன் என்று பேதுரு சொன்ன இடம்.

“பேதுரு தொழில் தெரிஞ்ச ஆள், பிள்ளை,” என்றார். “பகல்ல தண்ணி தெளிவு. மீனுக்கு வலை தெரியும். கழுவி வைச்ச வலையைத் திரும்ப நனைக்கிறது எவ்வளவு கரைச்சல் எண்டு எனக்குத் தெரியும். தச்சன் வந்து சொல்லுறார், இந்த ஆள் போடுறான்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் கூடப்பிறந்த தம்பியைப் பற்றிச் சொன்னார். வேலிப் பிரச்சினை, பதினொரு வருடமாகக் கதை பேச்சில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற வசனம் ஒருநாள் ஆராதனையில் வாசிக்கப்பட்டபோது, கையில் எடுத்த காணிக்கைக் காசைத் திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பித் தம்பி வீட்டுக்குப் போனாராம்.

“திறந்தாரா?” என்று கேட்டேன்.

“மூண்டு தரம் போயிட்டன். ஒருநாளும் கேற் திறக்கேல்ல.” அடுத்த கண்ணைக் கட்டினார். “அவன் திறப்பான் எண்டு நான் போகேல்ல பிள்ளை. போ எண்டு சொன்னவர் சொன்னபடியாப் போனனான். வாற ஞாயிறும் போவன்.”