பூநாரை பார்க்கப் போவதென்றால் முதலில் காணி உறுதியைத் தேடி எடுங்கள்

இலங்கையின் வடக்குக்கு ஓகஸ்ட்டில் போகாதீர்கள். பிள்ளைகளின் விடுமுறை, நல்லூர்த் திருவிழா என்று எல்லாரும் அப்போதுதான் போகிறோம். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் வீசும். கடல்நீரேரியில் பாதி இடம் உப்புப் பூத்த வெறுந்தரை. வலசை வரும் உள்ளானும் தாராவும் அந்த நேரம் பெரும்பாலும் வடக்கே எங்கேயோதான் இருக்கும். பல வருடம் ஓகஸ்ட்டில் மட்டும் போய்வந்து, "ஊரிலே இப்ப குருவியே இல்லை" என்று கனடாவில் இருந்து கவலைப்பட்டவன் நான். மாரி மழை ஓய்ந்த பிறகு, தையிலோ மாசியிலோ போங்கள். ஏரியில் தண்ணீர் முழங்காலளவு நிற்கும், வந்த பறவைகள் திரும்பியிருக்காது.

இந்த முறை தையில் இரண்டு கிழமை லீவு எடுத்தேன். பறவைக்கு மட்டும்தான். சொந்தக்காரர் வீடுகளுக்குக்கூட ஒரு நாள்தான் ஒதுக்கியிருந்தேன். பதினான்கு நாளில் ஒன்பது நாள் ஒரு அரச அலுவலகத்தின் வாங்கில் போனது.

நடந்தது இதுதான். வடமராட்சி கிழக்கில், மணல் மேட்டை ஒட்டி, அப்பாவின் பெயரில் ஒரு துண்டுக் காணி. பனை கொஞ்சம், தாழம் பற்றை, மீதியெல்லாம் மணல். மாமியின் மகன்தான் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்கிறான். நான் போய் இறங்கிய அன்று இரவே, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ முதல், "மச்சான், அந்தக் காணி விசயமா ஒரு கையெழுத்து வேணும்" என்றான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதென்று நினைத்தேன். மணல் விற்கப் போகிறான். ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினேன்.

அடுத்த நாள் அலுவலகம். உறுதியில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, மரணச் சான்றிதழில் வேறு எழுத்து, என் கடவுச்சீட்டில் அந்த எழுத்து விரிந்து முழுப் பெயராகவே நிற்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி வேண்டும். சமாதான நீதவானிடம் போய்ச் செய்து கொண்டுவந்தால், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதமும் வேண்டும். விதானையார் கூட்டத்துக்குப் போய்விட்டார். கடிதம் கிடைத்த அன்று பார்த்துப் பொதுமக்களைச் சந்திக்கும் நாள் இல்லை. அந்த நாள் வந்தபோது கையெழுத்து வைக்கிறவர் லீவு. ஐந்தாம் நாள் நான் வாங்கில் இருந்தே மச்சானோடு சண்டை பிடித்தேன். "உனக்கு மணல் காசு வேணுமெண்டா நேராச் சொல்லு, நானே அனுப்பிவிடுறன்" என்றேன். பக்கத்தில் இருந்த கிழவி வெற்றிலையை மெல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒன்றும் பேசவில்லை. வெளியே போய் எனக்கொரு பிளேன் ரீ வாங்கிவந்து கையில் தந்தான்.

ஏழாம் நாள் அலுவலகத்துப் பெடியன் ஒருவன் கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னான்: "இவர் மூண்டு தரம் முறைப்பாட்டோட வந்தவர். காணிக்காரர் வந்தால்தான் எடுப்பம் எண்டு அனுப்பிப்போட்டம்." இரவில் ட்ரக்டர் விட்டு எங்கள் காணியில் யாரோ மணல் அள்ளுகிறார்கள். அதைத் தடுக்கத்தான் அவன் கையெழுத்துக் கேட்டது.

ஆகவே, பயணச் சீட்டுப் போட முதல் உறுதி, மரணச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். அற்றோர்ணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுக்க வேண்டுமென்றால், வாட்ஸ்அப்பில் இதயம் போடுவதை விட்டுவிட்டு, நீங்கள் இருக்கும் நாட்டு இலங்கைத் தூதரகத்தில் என்ன வழி என்று இப்போதே விசாரியுங்கள். அப்புறம், கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்பதையும் ஒருமுறை வாய் திறந்து கேளுங்கள்.

எட்டாம் நாள் பின்னேரம் அவன் என்னைக் காணிக்குக் கூட்டிப் போனான். இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் படர்ந்த இடங்களில் மேடு அப்படியே நிற்கிறது. மற்றப் பக்கம், சில்லுத் தடத்தோடு, ஆள் உயரக் கிடங்கு. மணல் மேடு மழைநீரை உறிஞ்சி அடியில் வைத்திருப்பதால்தான் கடலுக்கு இவ்வளவு கிட்டவும் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. மேடு போனால் கிணறு உவராகும். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம், அவனுக்குக் குடிக்கிற தண்ணீர்.

கிடங்கின் ஓரத்தில் பருத்தி உருண்டை மாதிரி ஒரு சின்னப் பறவை ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இருக்கிற இந்த வகை வலசை போவதில்லை. 2023இல் ஆய்வாளர்கள் இதைத் தனி இனமென்று காட்டி, இராமர் அணையை நினைத்து அனுமன் பெயரை வைத்தார்கள். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறும் மணலில் சின்னப் பள்ளம், அதில் மணல் நிறத்திலேயே முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும். முட்டை கண்ட இடத்தில் மச்சான் பனை மட்டை நட்டு வைப்பானாம், மாடு மிதிக்காமல். மணல் மேட்டில் நடப்பதென்றால் ஊர்க்காரர் ஒருவரோடு, அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடிகூட வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் பாதிக்குப் போகவே இல்லை. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குப் பண்ணைப் பாலமும் சரசாலைக் குருவிக்காடும் காலைச் சாப்பாட்டுக்கு முதல் போய்வரக்கூடிய தூரம். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. அதற்கு முழு நாள் வேண்டும். கரையோரம் கடற்படை முகாம்கள் உண்டு. பெரிய லென்சைத் திருப்ப முதல், பறவைக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் பூநாரைக்கு மேலே விடாதீர்கள், கூட்டமே எழும்பிப் போய்விடும். கிட்டப் போகலாமா என்பதைப் பூநாரையே சொல்லும்: தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றை அலசிக்கொண்டிருந்தால் நீங்கள் நிற்கும் தூரம் சரி. கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால், கூடக் கிட்டப் போய்விட்டீர்கள்.

திரும்ப விமான நிலையத்துக்கு வான் வண்டி பிடிக்கும்போது இரவுப் பயணம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரவில் போனால் ஆனையிறவுக் கடல்நீரேரியைத் தூக்கத்தில் கடப்பீர்கள். நான் விடிய முதல் வெளிக்கிட்டு, ஆனையிறவு வழியை விட்டு, சங்குப்பிட்டிப் பாலத்தால் மன்னார் வீதியில் இறங்கினேன். தள்ளாடிச் சந்தியால் தீவுப் பக்கம் திரும்பினால் பாலத்து வீதியின் இரண்டு பக்கமும் வங்காலைச் சரணாலயம், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2010இல் சேர்ந்த இடம். அங்கே தூரத்தில் தண்ணீர்மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது கோடு முழுக்கக் கால்கள். நாற்பது நிமிடம் நின்றேன். சாரதி மூன்று தரம் ஹோர்ன் அடித்தார்.

முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம், மச்சான் போன கிழமை தொலைபேசியில் சொன்னான். ட்ரக்டர் இன்னும் வருகிறது. முன்பு ஒன்பது மணிக்கு வந்தது, இப்போது பன்னிரண்டுக்குப் பிறகுதானாம்.