உடம்பு கொதிக்கிறது, தெர்மாமீட்டரில் 97: எங்கே தப்பு?

போன மாதம் ஒரு ராத்திரி மகளுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தெர்மாமீட்டர் 97.2 என்றது. மறுபடி வைத்தால் 98.1. மூன்றாவது தடவை 101.4. கருவிதான் கெட்டுவிட்டது என்று மறுநாள் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் அதே கூத்து. கோளாறு என் கையில்தான்.

முதலில் அக்குள். நுனியில் உலோகம் உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். துணியால் அக்குள் வியர்வையை ஒற்றி எடுங்கள். பட்டனை அழுத்தி, பழைய எண் மறையும்வரை பொறுங்கள்.

அடுத்ததில்தான் நான் சறுக்கினேன். முன்பக்கமிருந்து நேராகச் செருகியதில் நுனி முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபேன் காற்றைத்தான் அளந்திருக்கிறேன்! நுனி அக்குளின் நடுக்குழியில், தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். சட்டைக் கை இடையில் வரக்கூடாது. இப்போது கீழிருந்து மேல்நோக்கிச் சாய்த்து வைக்கிறேன். பிறகு அவளை மடியில் உட்காரவைத்து, முழங்கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்கிறேன். ‘பீப்’ கேட்டதும் உருவிவிடாதீர்கள். எண் ஏறுவது நின்றதாகக் கருவி நினைக்கும்போது அது கத்துகிறது. அக்குளில் சூடு மெதுவாகத்தான் ஏறும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் என்னுடையதில் எண் கொஞ்சம் கூடுகிறது.

பெரியவர்களுக்கு வாயே மேல். நாக்குக்கு அடியில், நடுவில் அல்ல, உள்ளே ஓரமாக வைத்து உதட்டை மூட வேண்டும். காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். மூக்கடைத்து வாயால் மூச்சு விடுபவருக்கு இது சரிவராது.

நெற்றித் துப்பாக்கி எனக்குப் பிடிக்காது. கொரோனா சமயத்தில் கடை வாசலில் மணிக்கட்டில் காட்டிவிட்டு உள்ளே அனுப்பினார்களே, அதுதான். வியர்வை, திருநீறு, ஈரத்துணி, வெயிலில் வந்த சூடு எல்லாமே எண்ணை மாற்றும். வைத்திருப்பவர்கள் நெற்றியைத் துடைத்து, கையேட்டில் சொன்ன தூரத்தில் பிடியுங்கள். பொருட்களின் சூட்டை அளக்கும் முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த முறையில் எண் குறைவாகக் காட்டும்.

காதுக் கருவி பச்சைக் குழந்தைக்கு வேண்டாம், காது ஓட்டை சிறியது. பாதரசத் தெர்மாமீட்டர் இருந்தால் ஓரங்கட்டிவிடுங்கள். உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். உருண்டைகள் இன்னும் சிதறும்.

பொதுவாக 100.4 வந்தால் காய்ச்சல். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்த அளவு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அக்குளில் பார்த்தால் வாயைவிட அரை முதல் ஒரு டிகிரி வரை குறைவாக வரும். நீங்களாக ஒன்றைக் கூட்டிச் சொல்லாதீர்கள், “அக்குளில் 100.2, ஆறு மணிக்கு” என்று டாக்டரிடம் சொன்னால் போதும்.

பின்சேர்ப்பு: “38.2தான் காட்டுகிறது, காய்ச்சல் இல்லையே?” என்று ஒருவர் கேட்டிருந்தார். அது செல்சியஸ் ஐயா, நம் கணக்கில் 100.8! பட்டனை அழுத்திப் பிடித்தால் பல கருவிகளில் ஃபாரன்ஹீட்டுக்கு மாறிவிடும். மாறாவிட்டால் 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2 என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவிலேயே போட்டுவையுங்கள்.